உடைந்த துண்டை முதலில் கேட்டவர்

இழுவைச் சோதனை ஆய்வகத்தின் தலைவராய்த் திகழ்ந்து, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி அகல்யா அவர்களின் முன், தில்லி ஆய்வகத் தமிழ் நண்பர்கள் நெஞ்சம் நெகிழ வாசித்தளிக்கும் மடல்.

கரிய இழையின் உறுதியைக் கண்டறிந்த கண்ணே! கடுஞ்சொல் கூறாமலே எங்களைக் கலங்கடித்த கனிவே! மந்திர் மார்க் பள்ளியில் மலர்ந்த தமிழை, கோப்புகளுக்கும் குளிருக்கும் நடுவே வாடாமல் காத்த குணக்குன்றே!

கார்பன் இழைத் தகட்டைப் பட்டைகளாய் வெட்டி, எந்திரத்தின் தாடைகள் இரு முனைகளையும் கவ்வ, முறியும்வரை இழுத்து வலிமையை அளப்பதே நம் தொழில். முறியும் ஓசை கேட்டதும் எங்கள் கண்கள் கணினித் திரைக்கு ஓடும். தாங்களோ திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, உடைந்த துண்டுக்குக் கை நீட்டுவீர்கள். "அச்சா, நம்பர் எங்கேயும் ஓடிடாது. எங்க உடைஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க" என்பீர்கள். தேநீர் வேளையில் நாங்கள் இதைக் கேலி செய்தது தங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே நம்பியிருந்தோம்.

அந்தக் கேலி ஒரு ஜனவரியில் அடங்கியது. கரோல் பாக்கில் செயற்கைக் கால் செய்யத் தொடங்கியிருந்த சிறு குழுவினர், பாதத்துக்கான தகட்டைச் சோதிக்கத் தந்திருந்தார்கள். கட்டட வேலையில் வலது பாதத்தை இழந்த முருகன் அதற்காகக் காத்திருந்தார். தாங்கள் விடுப்பில் இருந்தபோது சோதித்தோம். எல்லாப் பட்டைகளும் குறைந்த இழுவையிலேயே முறிந்தன. திரையைப் பார்த்தோம், தகுதியில்லை என்று எழுதி அனுப்பினோம், துண்டுகளைக் குப்பையில் போட்டோம்.

திரும்பி வந்ததும் துண்டுகளைக் கேட்டீர்கள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் குப்பைத்தொட்டியைத் தாங்களே கவிழ்த்தீர்கள். நடுவில் முறிந்தால்தான் அளவு செல்லும்; ஒன்றுகூட நடுவில் முறியவில்லை. எல்லாம் தாடை கவ்விய இடத்திலேயே நொறுங்கியிருந்தன. தாடையின் பல் பதியாதிருக்க முனைகளில் ஒட்டும் காப்புத் துண்டுகள், பசை இறுகாமல் நழுவியிருந்தன. பசையை இறுக வைக்க வேண்டிய ஹீட்டரை எங்களில் ஒருவரான நரேன் மேசைக்கடியில் நகர்த்தியிருந்தார். அதில் எங்கள் எல்லோருடைய கால்களும் சுகமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

தாங்கள் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆய்வகத்தின் பெயர் கெடுமே என்று மேலதிகாரிகள் தயங்கியபோதும், தாங்களே அக்குழுவை அழைத்து, அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னீர்கள். "தப்பு எங்க சோதனையில. உங்க தகடு நல்லதா கெட்டதான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது. புதுசா அனுப்புங்க" என்றீர்கள். ஹீட்டர் பசைக்குப் போனது; நாங்கள் நடுங்கினோம். புதிய பட்டைகள் பேரிழுவை தாங்கி, நடுவிலேயே முறிந்தன. அதன் பிறகே திரையைத் திருப்ப அனுமதித்தீர்கள். தகுதியுண்டு என்று அன்றே புதிய அறிக்கை எழுதி அனுப்பினோம்.

அம்மையீர்! நாளை முதல் திரையைத் திருப்பும் பொறுப்பு தங்கள் இடத்துக்கு வரும் வைஷ்ணவியுடையது. தங்களைவிடக் கண்டிப்பானவர், எங்களுக்கு இனியும் விமோசனமில்லை. மோதி பாக் வீட்டில் காலை வெயிலும் நல்ல உறக்கமும் நீங்கா நலமும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்!

சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் கையில் தர, இதோ முருகன் மேடைப்படி ஏறி வருகிறார். அவர் முகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அவர் நடையைப் பாருங்கள்.

என்றும் அன்புடன்,
ஆய்வகத் தமிழ் நண்பர்கள்,
புதுதில்லி