ஐம்பது கோடி மார்க்

தீர்த்தகிரி: கையை எடும்மா. நீ இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா நான் எப்படிப் பார்க்கறது?

பாவாயி: கிழிஞ்சிறாதுங்களே?

தீர்த்தகிரி: நீ பிடிக்கற பிடியிலதான் கிழியும். கொடு... சன்னலோரம் வா, வெளிச்சம் வேணும். என்னையப் பத்தி உனக்கு யாரு சொன்னாங்க?

பாவாயி: ஜட்கா வண்டிக்காரருங்க. சூரமங்கலத்துல ரயிலாபீசு ஐயா ஒருத்தரு சீமைக் காசெல்லாம் சேர்க்கறாரு, எந்த ஊருதுன்னு பார்த்ததும் சொல்லுவாருன்னு...

குஞ்சம்மாள்: காசில்ல அம்மிணி, குப்பை. பெட்டி பெட்டியாச் சேர்த்து வெச்சிருக்கறாரு. கட்டுன பொண்டாட்டியக்கூட அப்படித் துடைச்சுத் துடைச்சுப் பார்த்ததில்ல.

தீர்த்தகிரி: குஞ்சம்மா, உள்ள போ.

குஞ்சம்மாள்: போறேன், போறேன். மோர் கொண்டாறேன் அந்தப் பொண்ணுக்கு. மூஞ்சியே வெளுத்துக் கெடக்குது.

பாவாயி: வேண்டாங்க்கா... சாமி, இது பழசா புதுசா? அது மட்டும் சொன்னாப் போதுங்க. பொழுதோட ஊரு போய்ச் சேரணும்.

தீர்த்தகிரி: எந்த ஊரு?

பாவாயி: பனமரத்துப்பட்டிங்க.

தீர்த்தகிரி: பனமரத்துப்பட்டியா...

பாவாயி: ஏனுங்க?

தீர்த்தகிரி: ஒண்ணுமில்ல. இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?

பாவாயி: எங்கூட்டுக்காரர் கண்டெடுத்தாருங்க. மேச்சேரி ஆட்டுச் சந்தையில.

தீர்த்தகிரி: சந்தையிலயா... சரி. இது ஜெர்மனி நோட்டும்மா. சர்க்கார் நோட்டுகூட இல்ல. அங்க விலைவாசி தறிகெட்டு ஏறி, சர்க்காரால நோட்டு அடிச்சு மாளல. அப்ப ஒவ்வொரு ஊரும் அவசரத்துக்குத் தானே அடிச்சுக்கிச்சு. இந்தா, கோட்டையும் கதவும் போட்டிருக்குது பாரு, அது ஊரு முத்திரை. இப்பத் திருப்பு.

பாவாயி: பின்னால ஒண்ணுமே இல்லீங்களே...

தீர்த்தகிரி: அதுதான் அடையாளம்! ரெண்டு பக்கம் அடிக்க நேரமேது? மை காயறதுக்குள்ள மதிப்புப் போயிரும். இதுல போட்டிருக்கறது ஐம்பது கோடி மார்க், நம்ம ரூபா மாதிரி அவங்க காசு.

பாவாயி: கோடியா!

தீர்த்தகிரி: ஆமா. கடைசியில ஒரு ரொட்டிகூட வராது.

பாவாயி: அது கெடக்கட்டுங்க. ஜெர்மன் சண்டைக்கு முந்தினதுதானுங்களே? மங்கிப் போயிருக்குது... ஓரமெல்லாம் நைஞ்சு...

தீர்த்தகிரி: யாரும்மா சொன்னா? சண்டைக்கு முந்தி அந்த ஊர்க் காசு தங்கமாட்டம் இருந்துச்சு. கோடி போட்ட நோட்டுன்னாலே ஒரே வருசந்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திமூணு. இதோ, மூலையில பொடி எழுத்துல தேதியே...

பாவாயி: இருபத்திமூணுன்னா...

தீர்த்தகிரி: மூணு வருசத்துக்கு முந்தி. அட... என்னம்மா? உட்காரு, உட்காரு! குஞ்சம்மா, தண்ணி!

பாவாயி: வேண்டாங்க... சாமி, அது சந்தையில கெடைச்சதில்லீங்க. அவரு இடுப்பு மடியில இருந்து விழுந்துச்சு. அவருக்குத் தெரியாம எடுத்தாந்தேன்.

தீர்த்தகிரி: இருக்கட்டும். அதுக்கு ஏன் இப்படிப் பயப்படறே?

பாவாயி: நான் மொதல்ல வாக்கப்பட்டது இவரு அண்ணனுக்குங்க. பெரியசாமின்னு பேரு. மெட்ராஸ் போயிக் கப்பல்ல கரி அள்ளுனாரு. ஜெர்மனிக்கெல்லாம் போயிருக்கறேன்னு ஒருக்கா ஊருக்கு வந்தப்பச் சொன்னாரு. அப்பறம் சண்டை வந்துச்சு. கப்பலோட முழுகிப் போயிட்டாருன்னு கம்பெனியில இருந்து ஆளு வந்து சொல்லிட்டாங்க. தாலிய எறக்கிட்டு நான் தனியாக் கெடந்தேன். பொறவு தம்பிதான் கட்டிக்கிட்டாரு... அப்புசாமி. ரெண்டு பொண்ணுங்க.

தீர்த்தகிரி: சரி...

பாவாயி: இது பழசா இருந்தா, அண்ணங்காரரு அப்ப உட்டுட்டுப் போனதுன்னு மனசைத் தேத்திக்கலாம்னு வந்தேனுங்க. மூணு வருசத்துக்கு முந்தி அடிச்சதுன்னா...

தீர்த்தகிரி: ஊருல எத்தனையோ பேரு கப்பலுக்குப் போறாங்க. யாராச்சும்...

பாவாயி: இல்லீங்க! ஆடி அமாவாசைக்கு முந்தின நாளு, அந்தியில, ஏரிக்கரை மேல ஒரு ஆளு நின்னுச்சு. இவரு என்னான்னு பார்க்கப் போனாரு. விடிஞ்சுதான் வந்தாரு. மார் வரைக்கும் ஈரம். கேட்டா வாயே தொறக்கல. அன்னையில இருந்து சோறு இறங்கறதில்ல. ஏரிக்குத் தண்ணிக்குப் போவாதேங்கறாரு. பிள்ளைங்களையும் கரைப் பக்கம் உடறதில்ல.

தீர்த்தகிரி: பாவாயி... பாவாயின்னுதானே சொன்னே? அப்படியெல்லாம் நெனைக்காதே.

பாவாயி: நெனைக்காம என்னங்க பண்றது? ஏரி வத்திக்கிட்டு வருது. தெனமும் காலையில எந்திரிச்சுத் தண்ணி எதுவரைக்கும் இருக்குதுன்னு பார்க்கறேன். வத்துனா என்ன வெளிய தெரியுமோன்னு...

தீர்த்தகிரி: போதும்மா. இந்த நோட்டை எங்கிட்ட வெச்சுட்டுப் போ. தேதிய நான் சொல்லவே இல்லைன்னு நெனைச்சுக்க.

பாவாயி: எதுக்குங்க வெச்சுட்டுப் போறது? போலீசுக்குக் குடுக்கவா?

தீர்த்தகிரி: ஐயோ, அதுக்கில்ல...

பாவாயி: குடுங்க! சாமி, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், குடுங்க! எம்பிள்ளைங்களுக்கு அப்பன் வேணுமுங்க!

குஞ்சம்மாள்: என்ன சத்தம்? இந்தா கண்ணு, மோர் குடி... ஏனுங்க, இதே கோட்டைக் கதவு போட்டது உங்ககிட்ட ஒண்ணு இருக்குதே? அன்னிக்கு ஒருத்தர் கொண்டாந்து...

தீர்த்தகிரி: குஞ்சம்மா, வாயை மூடு.

குஞ்சம்மாள்: நான் என்ன சொல்லிட்டேன்? அந்தப் புருவத்துல தழும்பு இருந்தவரு...

பாவாயி: எந்தப் புருவமுங்க?

குஞ்சம்மாள்: எடது. ஆட்டுக்கடா முட்டுனதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

பாவாயி: அமாவாசைக்கு முந்தியா, பிந்தியா? நல்லா ரோசிச்சுச் சொல்லுங்கக்கா!

குஞ்சம்மாள்: பிந்தித்தான். படையல் வடை மிஞ்சுனதைத்தான் அவருக்குக் கொடுத்தேன். பசியோட தின்னாரு பாவம்.

பாவாயி: உசுரோட... அப்ப உசுரோட இருக்கறாருங்க...

தீர்த்தகிரி: இருக்கறாரும்மா. யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். போச்சு. கப்பல் மூழ்கலியாம். சண்டை வந்ததும் ஜெர்மனித் துறைமுகத்துலயே பிடிச்சு, ஆளுங்களைக் காவல்ல போட்டுட்டாங்க. வெளிய உட்டப்பறம், ஊருக்கு வரக் கூலி வேலை செஞ்சு சேர்த்தாரு. சேர்ந்த நேரத்துல இந்தக் கோடி நோட்டு வந்துருச்சு. மூட்டை நெறையக் கோடி, ஒரு கப்பல் சீட்டு வாங்க வக்கில்ல. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சாராம்.

பாவாயி: அந்த ஈரம்...

தீர்த்தகிரி: உங்கூட்டுக்காரர்தான் ஏரியில எறங்கியிருக்கறாரு. அண்ணா, நீ வந்துட்டா என் குடும்பம் போச்சு, நான் இப்படியே உள்ள போயிர்றேன்னு. அண்ணன்தான் தண்ணிக்குள்ள போயிக் கையைப் பிடிச்சு இழுத்தாந்து, நீயே இரு சாமி, நான் செத்தவனாவே இருந்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தாரு. பிள்ளைங்க விளையாடட்டும்னு இந்த நோட்டைக் கொடுத்திருக்கறாரு.

பாவாயி: இப்ப எங்கீங்க?

தீர்த்தகிரி: தூத்துக்குடிக்கு வண்டியேறிட்டாரு. அங்கிருந்து கொழும்பு. அதுக்கப்பறம் எங்கயோ.

குஞ்சம்மாள்: அழுவாத கண்ணு. அவருக்கு உம்மேல ஒரு வருத்தமும் இல்ல.

தீர்த்தகிரி: நெசந்தாம்மா. வண்டியேறறப்பக்கூட அதைத்தான் சொன்னாரு. “நான் கரை மேல நின்னப்ப அவ வாசல் கூட்டிக்கிட்டு இருந்தா, என்னையப் பார்க்கல. பார்த்திருந்தா ஓடியாந்திருப்பா”ன்னு.

பாவாயி: பார்த்தேனுங்க சாமி... அவருதான்னு தெரிஞ்சுதான் பிள்ளைங்களை உள்ள இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துனேன்.