சுடலைமுத்துவின் ஆறு மாச ஸ்டேட்மெண்ட்

அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல கூட்டம் இல்லைன்னா ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து அரை மணி நேரம்கூட ஆவாது சார், கர்நாடகா வந்துடும். வார லீவு அன்னிக்கு எங்க ஆளுங்க துணி துவைப்பானுங்க, நான் பஸ் ஏறிடுவேன்.

எங்க கம்பெனில ஒரு பழக்கம் உண்டு. சம்பளம் ஏறுற அன்னிக்கு ஏடிஎம் கியூ ரோடு வரைக்கும் நிக்கும். ஷிஃப்டுல இருக்கறவன் போவ முடியாது. அதனால யாருக்கு லீவோ அவங்கிட்ட எல்லாரும் கார்டைக் குடுத்துடுவானுங்க, பின் நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதி. "கோயிந்தப்பா, எனக்கு மூவாயிரம். எனக்கு ரெண்டு போதும்." சம்பள நாள் மட்டுமில்ல, என் வார லீவு வந்தாலே எட்டு கார்டு, பத்து கார்டு என் சட்டைப் பாக்கெட்டுல இருக்கும். பத்து ரூபா குறைஞ்சதுன்னு எவனாவது சொல்லட்டும், செருப்பைக் கழட்டி அடிங்க.

சுடலைமுத்துவும் குடுப்பான். திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, பக்கத்து மெஷின்ல வேலை. செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது. நல்ல பையன்தான். என்னை அண்ணாச்சின்னுதான் கூப்புடுவான்.

மொதல்ல என் கதையக் கேளுங்க. போன வருசம், ரெண்டாயிரத்து ஆறுல, ராயக்கோட்டை ரோட்டுல மனை பிரிச்சு வீடு கட்டிக் குடுக்கறதா லேஅவுட் போட்டாங்க. அந்த நெலத்துல எங்கம்மா மாரம்மா காலம் பூரா தக்காளிக்குக் களையெடுத்தா, கூலிக்கு. அங்க ஒரு வீடு வாங்கணும்னு எனக்கு ஆசை. ஆசைப்பட்டது தப்பா? பேங்குக்குப் போனேன். ஆறு மாச ஸ்டேட்மெண்ட் கேட்டாங்க. மேனேஜர் செவப்புப் பேனாவை எடுத்துப் பதினோரு எடத்துல வட்டம் போட்டாரு. எல்லாம் எல்லைக்கு அந்தாண்ட இருக்கற சீட்டாட்டக் கிளப்பு. ரம்மி ஆடுவேன் சார், மறைக்கல. அங்க கவுண்டர்ல கார்டைத் தேய்ச்சா டோக்கன் தருவான், கிளப் பேரு அப்படியே ஸ்டேட்மெண்ட்ல விழுந்துடும். "சூதாடுறவன் எங்கப்பா தவணை கட்டப்போறே?"ன்னு மேனேஜர் சிரிச்சாரு. வாழ்க்கைல ஒரு தவணை நான் பாக்கி வச்சதில்ல. அதை எவன் கேக்கறான்? ஃபைலைத் திருப்பித் தள்ளிட்டாரு. வயிறு எரிஞ்சுது சார். இன்னிக்கும் எரியுது.

இந்த ஜனவரில ஒரு நாள் டீ பிரேக்ல சுடலைமுத்து வந்து உக்காந்தான். அதே லேஅவுட்டுல அவனும் வீடு பாத்திருக்கானாம். "ஜூலையில எனக்கு அஞ்சு வருச சர்வீஸ் முடியுது அண்ணாச்சி, லோன் போட்டுருவேன். பூங்கொடி ஊர்ல அவ பங்கு வயலை வித்துட்டா. ஒன்ற லட்சம் அட்வான்ஸ் குடுத்தாச்சு." பூங்கொடி அவன் சம்சாரம். அதோட நிறுத்தியிருக்கலாம். என் தோள்ல கைய வச்சு, "நீங்களும் அந்தக் கிளப்பை விட்டுருங்க அண்ணாச்சி. ஆறு மாசம் கைய கட்டிட்டு இருந்தா பேங்க்காரன் தன்னால குடுப்பான். பக்கத்து வீட்டுக்கு வந்துருவீய"ன்னான். புத்தி சொல்றான் எனக்கு. பஞ்சம் பொழைக்க வந்தவன், எங்கம்மா குனிஞ்ச முதுகு நிமிராம வேலை செஞ்ச நெலத்துல வீடு வாங்கப் போறவன், எனக்கு புத்தி சொல்றான்.

"நல்லாருடா"ன்னேன்.

அதுக்கப்புறம் மத்தவன் கார்டெல்லாம் ஏடிஎம்ல போடுவேன், அவன் கார்டை மட்டும் கிளப்புக்குக் கொண்டு போவேன். மூவாயிரம் கேட்டிருந்தா மூவாயிரத்துக்குத் தேய்ச்சு, ஸ்லிப்புல அவன் பேர்ல கையெழுத்துப் போடுவேன். டோக்கனை வாங்கி வச்சிட்டு ஒரு டீ குடிப்பேன். அப்புறம் பக்கத்து ஜன்னல்ல டோக்கனைத் திருப்பிக் குடுத்தா ரொக்கம். ஒரு ஆட்டம் ஆடல. மூவாயிரமும் அவன் கைக்குப் போயிடும். ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பாக்கற பழக்கம் எங்கள்ல எவனுக்கும் கெடையாது. மீதி எவ்வளவுன்னு கேப்பான், வர்ற வழில ஏடிஎம்ல பாத்துச் சொல்லுவேன், சரியா இருக்கும். ஜூன் வரைக்கும் பதினாலு தடவை. எனக்குப் போட்ட வட்டத்தைவிட அவனுக்கு மூணு கூட விழணும்னு மட்டும் நெனச்சேன்.

ஜூலையில மேனேஜர் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் உக்கார வச்சு வட்டம் போட்டிருக்காரு. லோன் இல்ல. மாசக் கடைசிக்குள்ள பாக்கியக் கட்டலைன்னா அட்வான்ஸ் திரும்பி வராதுன்னு அக்ரிமெண்ட்டு. வயல் வித்த காசு அதோட போச்சு.

அவனுக்கு என் மேல சந்தேகமே வரல சார், அதான் வேடிக்கை. பேங்க்ல ஏதோ தப்பு நடந்திருக்குன்னுதான் நெனச்சான். நேரா பூங்கொடியக் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கு வந்துட்டான், கைப்பிள்ளை அவன் இடுப்புல. "இந்த ரூவா பூராம் அண்ணாச்சிதான் ஏடிஎம்ல எடுத்தாந்து குடுத்தாரு. அவருகிட்டயே கேளு. அவரு சொன்னா நம்புவேல்லா?" அவன் மூஞ்சில ஒரு தெம்பு இருந்துச்சு. சாட்சி கெடச்சவன் மாதிரி நின்னான்.

பூங்கொடி அழுது அழுது கண்ணு வீங்கிப்போயி இருந்துச்சு. வீடு போனதைப் பத்தி ஒண்ணும் பேசல. "சத்தியமாச் சொல்லுங்க அண்ணாச்சி. இவுக கிளப்புக்குப் போவாகளா?"ன்னு அது ஒண்ணைத்தான் கேட்டுச்சு.

"ஆமாம்மா"ன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். அப்பதான் புரிஞ்சிருக்கும். "இவருதான் பண்ணியிருக்காரு"ன்னு கத்துனான், என் சட்டையப் புடிச்சான். அவ அவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. "சீட்டாடி ஜெயிச்ச காசுலயா எனக்கும் என் பிள்ளைக்கும் அரிசி வாங்கிப் போட்டீய?"ன்னு கேட்டுட்டு, பிள்ளைய வாங்கிக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. மூணாம் நாள் அவனை ரயில்வே லைன் ஓரத்துல பாத்ததா ஆளுங்க வந்து சொன்னாங்க.

கிளப் ஸ்லிப்புல இருக்கறது என் கையெழுத்துதான், மறுக்கல. பூங்கொடிகிட்ட நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன தண்டனை உண்டோ குடுங்க, வாங்கிக்கறேன். மத்தது பூரா பேங்க்காரன் பண்ணது சார்.