ஏழாம் பாடம்

— கார்டு இல்லாம கேட் திறக்காது முதலாளி.

— யோவ், என் கேட்டுய்யா இது! இந்தக் கம்பிக்குக் கலர் பாத்துப் பெயின்ட் வாங்கினவனே நான்தான்.

— கலர் நல்லாத்தான் இருக்கு. கார்டு எங்க?

— வீட்டுல, நேத்துப் போட்ட சட்டைப் பையில. பதினொரு வருஷமா எனக்கு சல்யூட் அடிக்கிற வாட்ச்மேன் நீ. என் மூஞ்சி தெரியாதா உனக்கு?

— இப்பவும் அடிக்கிறேன், பாருங்க. மூஞ்சி வேற, கார்டு வேற. மூணாம் பாடத்துல வருது.

— எந்தப் பாடம்?

— நீங்கதான முதலாளி நோட்டீஸ் ஒட்டினீங்க? கெமிக்கல் கம்பெனிங்க எப்படிப் பாதுகாப்பா இருக்கணும்னு அரசாங்கம் வெப்சைட்டுல பாடம் போட்டிருக்கு, எல்லாரும் படிச்சுப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கணும்னு. எட்டுப் பாடம், இருபது கேள்வி. படமெல்லாம் போட்டு அழகா சொல்லித் தர்றாங்க, நீங்களும் ஒருநாள் பாருங்க.

— அதைச் சரிபார்க்கத்தான்யா ஒம்பதரைக்கு அதிகாரியம்மா வர்றாங்க! இப்பவே மணி ஒம்பதேகால். பதினாலு பேர் சர்டிபிகேட்டும் இந்தப் பையில இருக்கு. அந்தம்மா வரும்போது நான் தெருவுல நின்னா நல்லாவா இருக்கும்? குளோரின் லைசென்ஸைப் புதுப்பிக்கலைன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

— பதினாலும் பாஸ்தான், கவலைப்படாதீங்க. எல்லாம் நான் எழுதினது.

— என்னது?

— கணக்கர் வந்தாரு, "நீ சும்மாதான உக்காந்திருக்கே, எனக்கும் சேத்து எழுதிடு"ன்னாரு. அவரைப் பாத்து லேப் அம்மா. அப்புறம் டிரம் ஏத்தறவங்க மொத்தமா வந்து பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. முதல் தடவை இருபதுக்குப் பதினொண்ணு. போகப் போக மனப்பாடம் ஆயிடுச்சு.

— அடக் கடவுளே... அப்ப என்னோடது? நான் கிளார்க்குகிட்ட இல்ல சொன்னேன்?

— அவரு என்கிட்ட சொன்னாரு. உங்களுது பன்னெண்டாவது. பத்தொம்பது மார்க்கு.

— ஒண்ணு எங்க போச்சு?

— "தெரிஞ்ச ஆள் கார்டு இல்லாம வந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டிருந்தாங்க. எனக்கு விடை தெரியும். ஆனா பரீட்சை உங்களுதாச்சே, நீங்க என்ன போடுவீங்களோ அதைப் போட்டேன். "உள்ள விட்டுடுவேன்"னு. தப்புன்னு வந்துடுச்சு.

— நக்கலா? சரி, விடு. அந்தம்மா யாராவது ஒருத்தரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேப்பாங்களாம். நீயே முன்னாடி போய் நில்லு. இன்னிக்கு என் மானம் உன் கையிலதான் இருக்கு.

— அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம்.

— இப்ப நான் உள்ள வர என்ன வழி?

— கார்டு இருக்கற ஒருத்தர் வந்து பொறுப்புக் கையெழுத்துப் போடணும். நான் போடக் கூடாது, கேட்டுல நிக்கறவனாச்சே. உள்ள இன்னும் யாரும் வரல, கணக்கர்தான் முதல்ல பத்து மணிக்கு வருவாரு. உள்ள போற பையையும் சோதனை போடணும், குடுங்க, அதையாவது முடிச்சு வைக்கிறேன்.

— இந்தா, கம்பி வழியா வாங்கிக்க. சீக்கிரம் பாரு.

— டிபன் டப்பா. மூக்குக் கண்ணாடி. சர்டிபிகேட் கட்டு. இது என்ன கவர்? என் பேர் போட்டிருக்கு?

— ஏய், அது... அதை வை. அப்புறம் பேசிக்கலாம்.

— "தானியங்கிக் கேட் பொருத்தப்படவுள்ளதால், இன்று முதல் தங்கள் சேவை தேவையில்லை."

— சாயங்காலம் உன்னை உக்கார வெச்சுப் பேசிட்டுக் குடுக்கலாம்னுதான்பா இருந்தேன்.

— அதாவது, அந்தம்மா கேள்வி கேட்டு முடிச்சப்புறம். பரீட்சை எழுத நான் வேணும், பதில் சொல்ல நான் வேணும். ரொம்ப வலிக்குது முதலாளி. பதினொரு வருஷத்துக்கு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த கேட்டுக்குப் பரீட்சை எழுத வருமா?

— தப்புதான்யா. ஏய், என்ன பண்றே? எதுக்குத் தொப்பியைக் கழட்டறே?

— ஏழாம் பாடம். வேலையை விட்டு எடுத்த ஆள்கிட்டேருந்து கார்டு, சாவி எல்லாத்தையும் அந்த நிமிஷமே வாங்கிடணும், அப்புறம் ஒரு நொடி உள்ள நிக்க விடக் கூடாது. இங்க வாங்கறதுக்கு ஆள் இல்ல, என் கார்டு, சாவி ரெண்டையும் நானே உள்ள இருக்கற பெட்டியில போட்டுட்டேன். கொஞ்சம் தள்ளிக்குங்க, வெளிய வரேன்.

— யோவ், கதவை விட்டுடாதே! அது தானா பூட்டிக்கும்...

— பூட்டிக்கிச்சு. நல்ல பூட்டு.

— ஐயோ, தெருமுனையில அரசாங்க வண்டி திரும்புது பாரு! கேட்டுக்க, நீ வேலையிலதான் இருக்கே. அந்தப் புது கேட்டும் வேணாம், எந்த கேட்டும் வேணாம். அந்தக் கடுதாசியைக் குடு, உன் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போடறேன்!

— அதை சர்டிபிகேட் கட்டு மேலயே வெச்சுட்டேன் முதலாளி. பை உள்ள மேஜையில இருக்கு. எடுக்கணும்னா கார்டு வேணும்.