முன்னால் ஓடுகிறவர்

— மட்டையைக் கீழை போடுங்கோ, ஸ்ரீனிவாஸ்.

— எங்க போடறது, குமுதினி அக்கா?

— அங்கை, அடிக்கிற இடத்திலையே போட்டிட்டு வாறதுதான் முறை. இது கிரிக்கெட் இல்லை. முதலாம் பேஸ் வரைக்கும் மட்டையைத் தோளிலை சாத்திக்கொண்டு நடந்து வந்த ஆளை இந்த பார்க்கிலை இண்டைக்குத்தான் காணுகினம். அந்தா, அம்பயரும் சிரிக்கிறார். தாங்கோ இஞ்ச.

— என்ன பண்றது, சின்ன வயசுலேர்ந்து கிரிக்கெட் ஆடின கை. மட்டை இல்லாம நடந்தா வேட்டி இல்லாம நடக்கற மாதிரி கூச்சமா இருக்கு.

— சரி, கூச்சப்பட்டது காணும். வெளியாலை எறிஞ்ச நாலு பந்தையும் தொடாமல் விட்டு, சும்மா நடந்து வந்து பேஸ் எடுத்திட்டியள். கெட்டிக்காரன்.

— கெட்டிக்காரத்தனம் இல்லக்கா, பயம். அடிச்சா ஓடணுமே. றஜீவைக் கூப்பிடுங்க. எனக்குப் பதிலா அவன்தானே எப்பவும் ஓடுவான்.

— றஜீவுக்கு இண்டைக்கு ஷிப்ட். காலமையே டெக்ஸ்ட் பண்ணிப்போட்டான்.

— அப்ப வேற யாராவது?

— வந்தது ஒன்பது பேர். நான் உட்பட ஒன்பது பேரும் ஆடுகினம்; இந்த மூலையிலை நிண்டு ஓடுறவைக்கு வழி சொல்லுறதும் இண்டைக்கு என்ர வேலை. மிச்சமா வெளியிலை நிக்கிறது உங்கட மனிசி பிரியம்வதாவும் அவவின்ர சுடுதண்ணிப் போத்தலும்தான். அதிலை ஆரை ஓட விடட்டும்?

— விளையாடாதீங்க. சேரும்போதே, டீமை நடத்தற பியற்றிஸ் அக்காகிட்ட தெளிவாச் சொல்லிட்டேன். ஓரத்துல நிக்கறேன், பந்து வந்தா எடுத்து எறியறேன், ஓட மட்டும் மாட்டேன்னு. அவங்களும் சரின்னாங்க.

— அவ ஆரிட்டைத்தான் இல்லை எண்டு சொல்லியிருக்கிறா? திரும்பிப் பாருங்கோ, அடுத்தது அடிக்க ஆர் வாறது எண்டு.

— ஐயையோ. அவங்களேவா.

— அவவேதான். முழங்காலைத் தேய்ச்சுக்கொண்டு வாறா, கண்டியளோ? அடுத்த மாதம் ஒப்பரேஷன். அதுக்குப் பிறகு விளையாட்டு இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இண்டையோட சரி.

— கடைசி மாட்ச்னு எனக்கு யாருமே சொல்லலையே.

— சொன்னால் நீங்கள் வராமல் விட்டிடுவியள் எண்டு சொல்லேல்லை.

— ஸ்கோர் என்ன?

— அவைக்கு ஏழு, எங்களுக்கு ஆறு. கடைசி இனிங்ஸ். ரெண்டு பேர் அவுட். நீங்கள் மிச்சம் மூண்டு மூலையையும் சுத்திப் போனால் சமன். உங்களுக்குப் பின்னாலை அவவும் வந்து சேர்ந்தால் வெற்றி.

— அப்ப நான் இங்கயே நின்னுக்கறேன். அவங்க அடிச்சுட்டு என்னைத் தாண்டிப் போகட்டும்.

— ஏலாது. முன்னுக்குப் போற ஆளைப் பின்னுக்கு வாறவர் தாண்டக்கூடாது. தாண்டினால் தாண்டினவர் அவுட்.

— இது என்னங்க அநியாயம்?

— அநியாயமோ நியாயமோ, அதுதான் விளையாட்டு. அவ எவ்வளவு தூரம் அடிச்சாலும் நீங்கள் ஓடினால்தான் அவவுக்குப் பாதை. இல்லாட்டி ரெண்டு பேரும் பேஸ் எண்டுற இந்தச் சின்ன மூட்டையிலை கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

— இந்த ஃபர்ஸ்ட் பேஸ் பையன் நம்மளையே பாக்கறான்.

— பார்க்கட்டும். சுயிங்கம் சப்புறவனுக்குத் தமிழ் விளங்கவோ போகுது.

— முதல் பந்து. ஸ்ட்ரைக்கா? ஆடாம விட்டுட்டாங்களே.

— அவ முதல் பந்தை எப்பவும் விடுவா. பந்து எறியிறவனுக்கு ஒரு மரியாதை எண்டு சொல்லுவா. ரெண்டு காலையும் மூட்டையிலை ஏத்திக்கொண்டு நிக்காதேங்கோ. ஒரு காலைக் கீழை வையுங்கோ. ஆ, அப்பிடி.

— அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?

— சொல்லுங்கோ. ஆனால் அங்கை ஒரு கண் இருக்கட்டும்.

— ஜனவரில விம்பிள்டன் ஸ்டேஷன்ல டிஸ்ட்ரிக்ட் லைன் நின்னுட்டு இருந்துது. கதவு மூடப்போறான்னு படியில ஓடினேன். அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல வரும், அதுக்குள்ள ஒண்ணும் முழுகிப் போயிடாது. ஆனா ஓடினேன். பிளாட்ஃபார்ம்ல கால் வச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண் முழிச்சப்ப ஆஸ்பத்திரி, நெஞ்சுல பிளாஸ்டர், ஹார்ட் அட்டாக்னாங்க. அன்னிலேர்ந்து ஓடறதுன்னு நெனச்சாலே அந்த பிளாட்ஃபார்ம்தான் கண்ணுல வருது.

— ட்ராம் ஓட்டுற எனக்குத் தெரியாதே? டண்டொனால்ட் ரோட் தரிப்பிலை கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு கண்ணாடியிலை பார்ப்பன். நீங்கள் தேர்த் திருவிழாவிலை சாமி வாற மாதிரி வருவியள். உள்ளை இருக்கிற சனம் எல்லாம் பிந்துது எண்டு என்னைப் பேசும். நான் கதவை மூட மாட்டன்.

— அது நீங்கதானா? யாரோ நல்ல டிரைவர்னு நெனச்சுட்டு இருந்தேன்.

— நல்ல டிரைவர்தான். ஆனால் ரெண்டு தரம் சோதினையிலை பெயில் விட்ட டிரைவர். மூண்டாம் தரம் போகவே மாட்டன் எண்டு வீட்டிலை படுத்துக் கிடந்தனான். பியற்றிஸ் அக்கா வந்து கட்டில் நுனியிலை இருந்து என்னத்தைச் சொன்னவ தெரியுமோ? பேஸ்போலிலை பத்துக்கு மூண்டு தரம் சரியா அடிக்கிற ஆளைத்தான் பெரிய ஆட்டக்காரன் எண்டு சனம் எழும்பி நிண்டு கை தட்டுது, மிச்சம் ஏழு தரமும் அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு போய் பெஞ்சிலை இருக்கிறவன், நீ ரெண்டு தரத்துக்கே படுத்திட்டியே எண்டு கேட்டா.

— ஃபவுல். பந்து வெளில போச்சு.

— ரெண்டாவது ஸ்ட்ரைக் எண்டு கணக்கு, மூண்டு வந்தால்தான் அவுட். பயப்பிடாதேங்கோ, அவவுக்கு இதுதான் பிடிக்கும்.

— எனக்குப் பிடிக்கலையே. எங்க வீட்டுக்கு அவங்க பாய்லர் ரிப்பேர் பண்ண வந்தாங்க, அது தெரியுமா? பிப்ரவரி. நான் மாடிப்படில பாதில உக்காந்திருந்தேன். மேல ஏறவும் பயம், கீழ இறங்கவும் பயம். அவங்க ஸ்பேனரைத் தொடச்சுக்கிட்டே பக்கத்துப் படில உக்காந்துட்டாங்க. பாய்லரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. யாரோ ஒரு ஆட்டக்காரர் கதை சொன்னாங்க.

— கிளெமென்ட்டே.

— ஆமா. ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே. உங்ககிட்டயும் சொன்னாங்களா?

— ஆருக்குத்தான் சொல்லேல்லை? அவவின்ர வேலை வானுக்கை மடு மாதா படத்துக்குப் பக்கத்திலை அந்தாளின்ர படமும் இருக்கு. ஹொலண்டிலை அகதியா இருந்த காலத்திலை, ஹார்லமிலை அவவுக்குப் பேஸ்போல் பழக்கின மனிசி குடுத்த படம். கிளெமென்ட்டே புவேர்ட்டோ ரிக்கோ ஆள். உருண்டு போற சொத்திப் பந்துக்கும், அவுட் எண்டு தெரிஞ்சும், உயிரைக் குடுத்து ஓடுவாராம். பிறகு நிக்கராகுவாவிலை பூகம்பம் வந்த நேரம், சனத்துக்குச் சாமான் ஒழுங்காப் போய்ச் சேரேல்லை எண்டு கேள்விப்பட்டுத் தானே விமானத்திலை ஏறினவர். அது கடலுக்கை விழுந்திட்டுது.

— எனக்கு அந்த ஓட்டத்தைத்தான் சொன்னாங்க. விமானத்தைப் பத்திச் சொல்லவே இல்ல.

— உங்களுக்கு ஓட்டம் தேவைப்பட்டிருக்கும். எனக்கு விமானம். சுனாமி வந்த கிழமை அவ என்னையும் இழுத்துக்கொண்டு லூயிஷாம் கோயிலடியிலை ஊருக்கு அனுப்பச் சாமான் பெட்டி கட்டினவ. எனக்கு அப்ப வீட்டாலை வெளிக்கிடவே மனமில்லாத காலம். பெட்டி கட்டக் கட்டத்தான் நான் திரும்ப ஆக்களோட கதைச்சது.

— இப்ப எறிஞ்சது வெளில போன பந்து, ‘பால்’ கணக்குதானே? ஆடல.

— ஓம். கண் கூர்மை. இன்னும் ரெண்டு அடி வெளியிலை வாங்கோ. வேணாம் எண்டால் வேணாம், ஒரு அடி.

— வந்துட்டேன். ஹார்ட் டாக்டர் ஏப்ரல்லயே ஓடலாம்னுட்டார், தெரியுமா? ட்ரெட்மில்ல ஓட வச்சு, வயர் எல்லாம் ஒட்டிப் பாத்து, நல்லா இருக்கு, போய் ஓடுங்கன்னார். பிரியாவும் கூட இருந்தா. நான்தான் ஓடல.

— ஏப்ரலிலையோ? அப்ப றஜீவ் இவ்வளவு காலமும் ஓடினது?

— அதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க.

— நல்ல ஆள் நீங்கள். அந்தப் பெடியன் உங்களுக்காக மே மாதம் முழுக்கச் சப்பாத்துத் தேய ஓடினவன்.

— ட்ரெட்மில்ல பக்கத்துலயே நர்ஸ் இருக்காங்க. அங்க ஓடறது ஓட்டமா? இங்க விழுந்தா…

— விழுந்தால் நாங்கள் ஒன்பது பேர் நிக்கிறம். சரி, எட்டு. உங்களை விட்டால் எட்டு.

— பிரியா கண்ணை மூடிட்டு நிக்கறா பாருங்க.

— அவவைப் பார்க்காதேங்கோ. பந்தையும் பார்க்காதேங்கோ. பந்து எங்கை போகுது எண்டு தலையைத் திருப்பினால் கால் நிண்டிடும். இந்த விளையாட்டிலை ஓடுறவனுக்குக் கண் வேறை ஆள், கால் மட்டும்தான் அவன்ர. நான் கண். நான் சொன்னால் ஓடுங்கோ, சொல்லாட்டி நில்லுங்கோ. விளங்குதோ?

— அக்கா, ஒருவேளை என்னால முடியலைன்னா…

— முடியாட்டி முடியேல்லை. அவவும் உங்களைப் பேச மாட்டா, நானும் பேச மாட்டன். பெஞ்சிலை போய் இருந்து ரோல்ஸ் தின்பம். ஆனால் இப்ப பந்து எறியிறவன் கையை உயர்த்துறான்.

— சத்தம் கேட்டுது. அடிச்சுட்டாங்களா?

— ஓடுங்கோ.

— எங்க போச்சு?

— பார்க்காதேங்கோ எண்டு சொன்னனான் எல்லே. ஓடுங்கோ ஸ்ரீனிவாஸ், ஓடுங்கோ.

— ஓடறேன். ஓடறேன்க்கா.

— கையை வீசுங்கோ, மட்டை பிடிச்ச மாதிரி வைச்சிருக்காதேங்கோ. ரெண்டாம் பேஸை மிதிச்சிட்டுத் திரும்புங்கோ. நிக்காதேங்கோ.

— ராசா, நான் பியற்றிஸ். உமக்குப் பின்னாலைதான் வாறன். நில்லாதையும்.

— பியற்றிஸ் அக்கா, ரொம்பக் கிட்ட வந்துட்டீங்களா? என்னைத் தாண்டிடாதீங்க.

— இந்த முழங்காலோட நான் உம்மைத் தாண்டுறதோ? நீர் பாட்டுக்குப் போம்.

— நெஞ்சு அடிக்குதுக்கா.

— அடிக்கத்தான் வேணும் ராசா. அடிக்காட்டித்தான் பிரச்சினை. மூண்டாம் பேஸ், உள் மூலையை மிதியும்.

— மிதிச்சுட்டேன். இவன் ஏன் க்ளவுஸைக் கழட்டிட்டுக் கை தட்டறான்?

— அவனை விடும். நேரை பாரும். கடைசி பேஸ், அந்த வெள்ளைத் தட்டு தெரியுதோ?

— தெரியுது. சறுக்கணுமா? நிக்கவா?

— உம்மட விருப்பம்.

— சறுக்கறேன்.

— கடவுளே, இந்த மனிசன் உண்மையாச் சறுக்குது.

— அவுட்டா? யாராவது சொல்லுங்க. குமுதினி அக்கா, எங்க இருக்கீங்க? மண்ணு, கண்ணு தெரியல.

— இந்தா, பக்கத்திலை நிக்கிறன். முதலாம் பேஸிலை இருந்து குறுக்காலை ஓடி வந்தனான். எனக்குத்தான் மூச்சு வாங்குது. நீங்கள் அவுட் இல்லை.

— அப்ப சமன். பியற்றிஸ் அக்கா, நீங்க சீக்கிரம் வாங்க, ஏன் இப்படி ஆடி அசைஞ்சு வரீங்க? எறியப் போறான்.

— வந்திட்டன் ராசா. இதோ, தட்டை மிதிச்சாச்சு. எட்டு, ஏழு.

— ஜெயிச்சுட்டோமா?

— அது கிடக்கட்டும், எழும்பும். எங்கையும் நோகுதோ? உண்மையைச் சொல்லும்.

— முழங்கை உரிஞ்சிருக்கு. பேண்ட் கிழிஞ்சிருக்கு. இங்க, நெஞ்சுல… இருங்க… இல்ல. ஒண்ணும் இல்லக்கா. குதிரை மாதிரி ஓடுது, அவ்வளவுதான். பிரியா, அழாத. பாத்தியா? கண்ணை மூடிட்டு இருந்தியா, பாத்தியா?

— பார்த்தவ, பார்த்தவ. நீங்கள் மூண்டாம் பேஸ் திரும்பினதிலை இருந்து உங்கட பேரைச் சொல்லிக் கத்தினது அவதான். உங்களுக்குக் கேக்கேல்லை.

— மயிரிழைலதானேக்கா தப்பிச்சேன்? பின்னாடியே பந்து வர மாதிரி இருந்துது. ஆனா தட்டுக்குப் பின்னாடி நிக்கற இந்த கேட்ச்சர் கையை நீட்டவே இல்ல. அந்தப் பையன் கை தட்டறான். எல்லாரும் ஏன் என்னைப் பாத்தே சிரிக்கறாங்க? பந்து யார் கையில இருக்கு?

— குமுதினி, நீயே சொல்லு. ஓடு ஓடு எண்டு கத்தினது நீ.

— ஏன், நீங்களும்தானே பின்னாலை வந்து நில்லாதையும் எண்டு கலைச்சனீங்கள்.

— ரெண்டு பேரும் என்ன மறைக்கறீங்க? பந்து எங்கக்கா?

— அந்தா, வேலிக்கு அங்காலை புல்லுக்கை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடுது, அதுதான். கிரிக்கெட்டிலை சிக்ஸர் எண்டு சொல்லுவியளே, அது. நீங்கள் முதல் அடி எடுத்து வைக்க முன்னமே வேலியைத் தாண்டிப் போட்டுது, தம்பி. நடந்தே வந்திருக்கலாம்.