ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை என்பதை நான் நிரூபித்த விதம்

இந்த வருடம் பிளம் மரங்கள் பத்து நாள் முன்னதாகவே பூத்துவிட்டன. நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைப் பிளம் மரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழக உறுப்பினர்கள் எல்லோரும் சளி, காய்ச்சல் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செயலாளர் மகாபே சான் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எடுத்ததெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது. தவறு செய்தவன் நடந்ததை எழுதி, தன் முத்திரையைக் குத்திக் கொடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். குடிநீர் இலாகாவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தும் இப்படி ஒரு கடிதம் எழுத எனக்கு நேர்ந்ததில்லை. நடையில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது கழகத்தின் கோப்பில் இருக்கப் போகிறது, பின்னால் சேர்பவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம்முடையது நான்கு பேர் கழகம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு, சமூகக் கூடத்தின் மாடியில் பாய் விரித்த அறையில் கூடுவோம். தலைவர் உகாய், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மகாபே சான் வீட்டில் பதினொரு சிட்டுகள் வளர்ப்பவர். ஓபா சான் டோஃபு கடைக்காரர். நான்காவது நான், ஹொசாகா. தலைவருடைய ஹெட்ஃபோனை ஆளுக்கு ஏழு நிமிடம் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே பியானோ இசைத்தட்டைக் கேட்போம். பிறகு ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுவோம். தலைவர்தான் முதலில் கேட்பார், முதலில் எழுதுவார், எழுதியதை உரக்கப் படிப்பார். அவர் படித்த பிறகு அதற்கு மாறாக எழுதுவது நாகரிகமில்லை என்பதால் பதினாறு வருடமாக நம் கழகத்தில் கருத்து வேறுபாடு வந்ததேயில்லை.

அந்த ஹெட்ஃபோனுக்குத் தலைவர் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். கண்ணாடி வால்வுகள் ஒளிரும் பழைய வகை, பதினான்கு கிலோ. கம்பளியில் சுற்றி, தள்ளுவண்டியில் கொண்டுவருவார். நாற்பது நிமிடம் சூடேற்றுவார். அதுவரை நாம் தேநீரைக்கூட உறிஞ்சாமல் குடிக்க வேண்டும்.

போன ஜூன் மாதக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. ஹெட்ஃபோன் நல்லதா இருந்தா போன்ல நேரா சொருகினாலே போதும். இந்தப் பெட்டி எதுக்கு, இடுப்பு ஒடியவா?"

"யோவ் ஹொசாகா, நல்ல சாக்கேயைக் காகித டம்ளர்ல குடிக்கிற ஆளுய்யா நீ," என்றார் தலைவர். "தண்ணிக் குழாய்ல காதை வெச்சு வெச்சு உன் காதுக்குள்ள ஈரம் இறங்கிடுச்சு."

"மழைக்காலம் வேற. காளான் முளைச்சிடப் போகுது, பாத்துக்குங்க," என்றார் ஓபா சான்.

மகாபே சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது, அதை மறைக்கப் போவதில்லை. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். மேலே லாரி போகும்போது, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஊசித்துளை அளவு கசிவைக் கேட்டுச் சொன்ன காது இது. நாற்பது வருடம் பல்லில் துளை போடும் இயந்திரத்தைத் தன் காதுக்கு அரையடி தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தக் காதைக் குறை சொன்னார். என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டவரும் அவரே. நல்ல வேலை, இன்றுவரை ஆடவில்லை. அவர்மீது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் தலைவர் மனைவியுடன் சொந்த ஊருக்குக் கல்லறை வழிபாட்டுக்குப் போனார். இரண்டு வாரம். வெயிலிலும் ஈரத்திலும் பெட்டி கெட்டுவிடும் என்று பயந்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருக்கிற என் வீட்டில் விட்டுப்போனார். "உன்னை நம்பித்தான்யா விட்டுட்டுப் போறேன்," என்றார். அவர் நம்பியது வீண் போகவில்லை. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மூடியில் நான்கு திருகாணிகள் இருந்தன. கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். இசைத்தட்டுக் கருவியிலிருந்து வரும் ஒலி, ஒலியளவுத் திருகு வழியாக நேரே ஹெட்ஃபோனுக்குப் போகும்படி மூன்று துண்டுக் கம்பிகளை மட்டும் இணைத்தேன். எடை குறைந்தால் தள்ளுவண்டியில் ஏற்றும்போதே தெரிந்துவிடும். அதனால் என் மனைவி முள்ளங்கி ஊறவைக்கும் ஜாடிமீது வைக்கிற கல்லை உள்ளே வைத்துக் கட்டினேன். கல் உடைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பெட்டி சூடாக வேண்டும், உள்ளே வால்வுகள் ஒளிர்வதும் தெரிய வேண்டும். அதற்குக் குளிர்காலத்தில் பறவைக் கூண்டுக்குள் மாட்டுகிற சின்ன வெப்ப விளக்கு ஒன்றைப் பொருத்தினேன். அதைச் சுற்றி இரும்புத் தகடும் வைத்தேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் அலட்சியம் காட்டியதில்லை.

செப்டம்பர் கூட்டத்தில் தலைவர் வழக்கம்போல நாற்பது நிமிடம் சூடேற்றினார். மூடியின் இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். திருகைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம். எப்போதும் கால்வாசியில் நிற்கும் திருகு முக்கால்வாசிக்குப் போனது. ஏழு நிமிடம் கழித்துத் தலைவர் எழுதியதைப் படித்தார்: "பக்குவம் வந்துவிட்டது."

"புதுசுல கத்திக்கிட்டுக் கெடந்துச்சு," என்று நம்மிடம் விளக்கினார். "இத்தனை வருஷம் ஓடி ஓடி இப்பத்தான் அடக்கமாப் பேசக் கத்துக்கிட்டிருக்கு."

அடுத்து மகாபே சான், பியானோ சத்தத்துக்கு நடுவே இருக்கும் அமைதி முதன்முறையாகக் கேட்டதாக எழுதினார். ஓபா சான், "நல்ல டோஃபு மாதிரி. ருசி தெரியவில்லை, ஆனால் இருக்கிறது" என்று எழுதினார். நான், "வேறுபாடு தெரிகிறது" என்று எழுதினேன். அன்றைய நான்கு சீட்டுகளில் உண்மை எழுதியது நான் ஒருவன்தான். கோப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருந்தேன். எல்லோர் முன்னும் மூடியைத் திறந்து, கல்லைக் காட்டி, சிரித்துவிட்டு உள்ளே இருந்ததைத் திருப்பிப் பொருத்திக் கொடுப்பதாகத் திட்டம். அன்று மகாபே சானின் பிறந்தநாள் என்று கேக் வந்துவிட்டது. கேக் வெட்டும்போது கல்லை எடுப்பது நன்றாக இருக்காது. நவம்பரில் ஓபா சானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வரவில்லை. அவர் இல்லாதபோது சொன்னால் வருத்தப்படுவார். இப்படி ஒவ்வொரு மாதமும் அடுத்தவர் மனம் நோகக்கூடாதே என்று பார்த்ததில்தான் தாமதமாயிற்று.

டிசம்பரில் ஆண்டிறுதி விருந்து, ஸ்டேஷன் எதிரே கோழிக்கறி சுடுகிற கடையில். ஓபா சானும் மகாபே சானும் யார் பணம் கொடுப்பது என்று கல்லாவுக்குப் பக்கத்தில் வாக்குவாதத்தில் இருந்தார்கள். தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஹொசாகா, யாருகிட்டயும் சொல்லிடாத. எனக்குக் காது போயிட்டு இருக்குய்யா."

"என்ன தலைவரே, இப்படிச் சொல்றீங்க."

"திருகைக் கடைசிவரைக்கும் திருப்பிட்டேன். எங்கேயோ பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்கெல்லாம் நல்லாத்தானே கேக்குது? எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே எழுதறீங்க?" கையிலிருந்த கறிக் குச்சியைத் தட்டில் வைத்தார். "செப்டம்பர்லயே தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பக்குவம் கிக்குவம்னு என்னத்தையோ எழுதித் தொலைச்சேன்."

அவர் நன்றாக இருக்கிறது என்று படித்ததால் நாம் அப்படி எழுதினோம். நாம் அப்படி எழுதியதால் அவர் தன் காதைச் சந்தேகப்பட்டார். இது அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிட அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. பக்கத்தில் யாருமில்லை, அவரும் மனம் விட்டுப் பேசுகிறார். நான் அவருடைய கிளாஸில் பீரை ஊற்றினேன்.

"வயசாகுதுல்ல தலைவரே," என்றேன்.

ஜனவரி முதல் வாரம் அவர் காது மருத்துவரிடம் போனார். வயதுக்கு ஏற்ற காதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னாராம். தலைவர் நம்பவில்லை. தன் ஆம்ப்ளிஃபயரை நம்பினார். இரண்டு காதுக்கும் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டியபடியே ஹெட்ஃபோனையும் வைத்தால் உள்ளே கீச்சென்று விசிலடித்தது. ஜனவரி கூட்டத்தில் அது நம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றிப் பாயில் வைத்தார். தலைவர் பதவியை விடுகிறேன், இனிமேல் வரமாட்டேன் என்றார். மகாபே சான் அழுதுவிட்டார்.

பிறகு அவர் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பாயில் நெற்றி படக் குனிந்தார்.

"ஹொசாகா சான், அன்னைக்கு உங்க காதைப் பத்தி நான் பேசினது தப்பு. நம்ம நாலு பேருல நல்ல காது உங்களதுதான். இனிமே கழகத்தை நீங்க பாத்துக்குங்க. இந்த ஹெட்ஃபோனையும் பெட்டியையும் நீங்களே வெச்சுக்குங்க."

யோவ் என்று கூப்பிடுகிறவர் அன்றைக்குத்தான் முதல் முறையாக மரியாதையோடு பெயருக்குப் பின்னால் சான் போட்டுக் கூப்பிட்டார். ஜூன் மாதத்திலிருந்து நான் எதிர்பார்த்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அவர் மனைவி ஃபுமியே சான் இரண்டு முறை தொலைபேசியில் பேசினார். "குளிக்கும்போது தொண்டை கிழியப் பாடுவாரு, இப்ப அதுவும் இல்லீங்க. சும்மா சன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. நீங்களாவது வந்து பேசுங்களேன்," என்றார். பழகிடும்மா என்று ஆறுதல் சொன்னேன். காதுக்கருவி என்பது என்ன? சின்ன மின்கலத்தில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர்தான். ஒன்று போய் இரண்டாகவே கிடைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அவசியம் என்ற அவருடைய கொள்கைக்கு என்னால் எந்தப் பங்கமும் வரவில்லை.

பிப்ரவரி கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெட்டியின் வெளிச்சம் திடீரென்று அணைந்தது. மகாபே சான் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க ஹொசாகா சான், எங்க சிட்டுக்கூண்டுல மாட்டுற மாதிரி பல்பு இதுக்குள்ள இருக்கு," என்றார். ஓபா சான் திருகாணிகளைக் கழற்றினார். கல்லைத் தூக்கிப் பார்த்து, "ஆறு மாசமா முள்ளங்கி ஊறுகாயையா கேட்டுக்கிட்டிருந்தோம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதற்கு இதுவரை எழுதியதே பதில். நல்ல ஹெட்ஃபோனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை என்று சொன்னேன்; நிரூபித்தேன். பதினாறு வருடம் பழகிய நான்கு ஜோடிக் காதுகள் ஆறு மாதம் கேட்டன, ஒருவரும் குறை எழுதவில்லை. இதைவிடப் பெரிய சான்று வேறு எந்தக் கழகத்திலும் இருக்க முடியாது. தலைவர் பதவியை இன்றோடு விடுகிறேன். நெற்றி பாயில் பட மன்னிப்பும் கேட்கிறேன். புதுக் கல் வாங்கி என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

இனி மூன்றாவது கேள்வி. எடுத்ததெல்லாம் என் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றும் கெடவில்லை. ஆகஸ்டிலேயே ஒரு பெரிய அரிசி பிஸ்கட் தகர டப்பாவுக்குள் அப்படியே பொருத்திவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா, ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. தினமும் ஒப்பிட்டேன். இப்போது தலைவரின் ஹெட்ஃபோனும் கைவசம் இருப்பதால் ஒப்பிடுவது இன்னும் சுலபமாகிவிட்டது. பியானோக்காரர் விரலைத் தூக்குவதற்கு முன் மூச்சை இழுப்பது கேட்கிறது. கம்பியில் குழாய் கேட்ட காலத்துக்குப் பிறகு எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

நாளைக்கே எல்லோரும் சேர்ந்து உகாய் சான் வீட்டுக்குப் போய், அவருடைய காதில் எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என மகாபே சான் சொல்கிறார். நல்ல யோசனைதான். கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பது மட்டும் என் பணிவான வேண்டுகோள். கருவி அவருக்குப் பழகிவருகிறது. சொல்லிவிட்டால் மனிதர் உடனே பெட்டியின் உள்பாகத்தைத் திருப்பிக் கேட்பார். என் நிலைமையையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஹெட்ஃபோனை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஒரு மனிதன் எப்படிக் கேட்பது?