நிற்கக் கூடாது என்றார் அண்ணி

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நால்வர் இருந்தோம். சன்னலோரம் நீங்கள், எதிரே அண்ணி, அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி. நான் வழக்கம்போல அடுப்படி வாசலை ஒட்டி ஸ்டூலில். எழுந்து பரிமாற அதுதான் வசதி.

ஆறு மாதம் முன் வாங்கிய ஏர் ஃப்ரையரைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாதி வேகறதுக்குள்ள நின்னுடுது. தொட்டா கை சுடுது. ஆறினப்புறம்தான் மறுபடி உயிர் வருது," என்றார் அண்ணி.

"மாஸ்டர்கிட்ட குடு அக்கா. கரண்டி பிடிச்ச கைக்கு ஸ்குரூடிரைவர் என்ன பெரிய கம்பசூத்திரமா," என்று அவர் தம்பி என்னைக் காட்டினார்.

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நிக்காம ஓடற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க தம்பி. அப்புறம் நீங்க எதுக்கு இந்த அடுப்படியில கெடந்து வேகணும்? வேற ரூம் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க."

அவர் இந்த வீட்டுக்கு வருமுன்பே உங்களுக்குச் சமைத்தவன் நான். இன்னும் கொஞ்சம் வை என்பதுபோலத் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினீர்கள். அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முறையாகப் பார்த்தேன். ப்ளக் சரி. வயர் சரி. சுவரை விட்டுத் தள்ளிவைத்து ஓட்டினேன், அப்படியும் நின்றது. மூடியைக் கழற்றினேன். விசிறியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. காற்று போகாமல் சூடு உள்ளேயே தங்கியது. சூடு மீறினால் கரண்டை நிறுத்த ஒரு சின்ன கட்-அவுட் உண்டு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. விசிறியைத் துடைத்தால் தீர்ந்தது.

ஆனால் அண்ணி கேட்டது நிற்கக் கூடாது என்பது மட்டும்தானே. கட்-அவுட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வயர்த் துண்டு ஒன்றை முறுக்கி இணைத்தேன். விசிறியைத் தொடவில்லை. வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே, திரைச்சீலைக்குக் கீழே வைத்தேன்.

"இனி நிக்காதே?"

"நிக்காது அண்ணி."

அதைப் போட்டுவிட்டுக் கண்ணயர்வது அவர் பழக்கம். நீங்கள் இரவுதான் திரும்புவீர்கள் என்று உங்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். திரும்பியபோது தெருவில் கூட்டம். தீ அவரைத் தொடவில்லை, தூக்கத்தில் புகையிலேயே போய்விட்டார் என்றார்கள். எனக்கும் அது ஆறுதல்.

விற்ற கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறீர்களாம். பாவம் அந்த மனிதர், அதனால்தான் எழுதுகிறேன். அண்ணியைக் கொன்றது நான். சேர்ந்தாற்போல் உட்கார்ந்து எழுத முடியவில்லை. வரிக்கு ஒருமுறை எழுந்துபோய் இந்த அறையின் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இல்லை. வந்து உட்கார்ந்தால் மறுபடி சந்தேகம்.

நீங்கள் இளைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஓட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஆகாது. புது வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே போய் நல்ல கரண்டி ஒன்று வாங்கி வருகிறேன்.