சாயம் போடாத வீடு

தனியாள் இருக்கிற வீட்டில் நாற்காலிகளில் துணிதான் உட்காரும், ஐயா. சுகாதார அதிகாரி நீங்கள், பல வீடுகளுக்குப் போகிறவர், பார்த்திருப்பீர்கள். என் வீடும் அப்படித்தான் இருந்தது, வாய்க்கால் குழு வரும்வரை.

அந்த வாய்க்காலில்தான் இந்தத் தெருப் பிள்ளைகள் நீந்திப் பழகினார்கள். தண்ணீரில் மலக்கிருமி அதிகம் என்று ஆய்வுக்கூடம் சொன்னதும் படிக்கட்டில் சிவப்புப் பலகை மாட்டிவிட்டார்கள். கிருமி எங்கிருந்து வருகிறது என்று தேட ஒரு குழு சேர்ந்தது. நான் தலைவி. வீடு பெரிதாகக் காலியாகக் கிடந்ததால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

வேலை எளிது. ஒருவர் வீட்டுக் கழிவறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டித் தண்ணீர் விடுவார். இன்னொருவர் கரையில் நிற்பார். வாய்க்காலில் பச்சை தெரிந்தால் அந்த வீட்டுக் குழாயை அடைத்து ஒழுங்கான தொட்டிக்குத் திருப்ப வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் வீட்டுச் சாயம் வெளியே வந்தபோது நீச்சல் மாஸ்டர் கரையிலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணே, குட்டு ஒடஞ்சிடுச்சு."

"உன் வீட்டுக்கும் வருவோம்ல, அப்ப பாரு."

ஞாயிறுதோறும் என் வீட்டில்தான் கூட்டம். தையல்காரி மகளையும் கூட்டி வருவாள். தவளை என்று எல்லோரும் கூப்பிடுகிற சிறுமி. நாற்காலிக்கு நாற்காலி தாவுவாள். "ஏய், அத்தை வீட்டு நாற்காலிய ஒடச்சிடாதடி" என்பாள் தாய். அவர்கள் போன பிறகும் அந்த 'அத்தை' வெகுநேரம் வீட்டில் இருக்கும்.

தலைவி வீட்டில் சாயம் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சாயப் பொட்டலங்களே என் அலமாரியில்தான் இருந்தன. ஒரு மதியம் நானே போட்டுவிட்டுக் கரைக்குப் போனேன். படிக்கட்டுக்குச் சற்று மேலே, புதருக்கு அடியில், பச்சை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகள் அநேகமாக முடிந்திருந்தன. சொல்லியிருந்தால் கொத்தனார் மறுநாளே அடைத்திருப்பார். குழுவுக்கும் வேலை முடிந்திருக்கும்.

சொல்லவில்லை. சாயம் கரையும்வரை அங்கேயே நின்றேன்.

பிறகு பல மாதம் கிருமி குறையவில்லை. கூட்டமும் குறையவில்லை. "எங்கேர்ந்துதான் வருதோ" என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

இடையில் தங்கைக்கு உடம்பு முடியாமல் போய், அவள் வீட்டில் தங்கவேண்டியிருந்தது. நான் இல்லாத நாட்களில் எடுத்த தண்ணீரெல்லாம் சுத்தம் என்று முடிவு வந்தது. திரும்பி வந்தபோது பலகை இல்லை. பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிட்டோம்க்கா. இனி ஞாயித்துக்கெழம நிம்மதியா தூங்கலாம்."

அவர் சந்தோஷம் அவருக்கு.

தங்கை வீட்டிலிருந்து வயிற்றுப்போக்கோடு வந்திருந்தேன். கழிவறைச் சன்னல் வழியே படிக்கட்டு தெரியும். தவளை தலைகீழாகக் குதித்து எழுந்தாள். வாய் நிறையத் தண்ணீர் பிடித்து மாஸ்டர் மேல் துப்பிச் சிரித்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை.

பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. தவளை மட்டும் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. குழு மறுபடி கூடியது. என் வீட்டில்தான்.

நீங்கள் இன்று சாயம் போட்டுக் கண்டுபிடித்தது சரிதான், ஐயா. அந்தக் குழாய் என்னுடையது. தெரிந்தேதான் விட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. தையல்காரிக்கு மட்டும் இப்போது தெரிய வேண்டாம். தினமும் சாயங்காலம் இங்கே வந்து என் மடியில் தலை வைத்துத்தான் அழுகிறாள். நானும் இல்லையென்றால், பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?